பெயர் வெட்டிய பாத்திரம்

அதியமான்கோட்டை என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டையைப் பார்க்க ஆசை வந்துவிடும். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் ஏழெட்டுக் கிலோமீட்டர் வந்து இறங்குவார்கள். காலபைரவரைக் கும்பிடுவார்கள். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ராமாயண, பாரதக் காட்சிகள் தீட்டிய விதானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு, "கோட்டை எங்கே?" என்பார்கள். காட்டுவதற்கு மண்மேடுகள்தாம் மிச்சம். தகடூர் என்று சங்கப் பாட்டுகள் சொல்லும் நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பிடித்த வேல் ஒன்றுகூட நம்மிடம் வந்து சேரவில்லை. அந்த வேல்கள் எங்கே கிடந்தன என்பது மட்டும் தெரியும். கொல்லன் பட்டறையில் கிடந்தன.

அதைச் சொன்னவர் அவ்வையார். தொண்டைமானிடம் தூது போன அவருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். மயில்பீலி அணிவித்து, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக வைத்த வேல்கள். அவற்றைப் பார்த்த அவ்வையார், எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. பள்ளிக்கூடத்தில் இதைப் புகழ்வதுபோல் பழித்ததற்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அது சரிதான். ஆனால் இந்த ஊரில் பிறந்து, தருமபுரியில் பாத்திரக் கடையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, அதியமான் அவ்வையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனியைவிட அந்தப் பட்டறைதான் மனத்தில் நிற்கிறது. நுனி முறிந்த வேலைக் கொல்லனிடம் கொண்டுபோனவன் அதைத் தூக்கி எறிய நினைக்கவில்லை. அதே வேலோடு மறுபடியும் களத்துக்குப் போக நினைத்தான்.

பழைய பொருள் மேல் ஆசை கொண்டு இப்போது நிறையப் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள், புதிதாகக் குடித்தனம் வைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து "தாத்தா, பழசு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய ஆசையை நான் மதிக்கிறேன். அந்த ஆசை ஷோகேஸ் கண்ணாடிக்குள் போய் முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நான் கடையில் இருந்த காலத்தில் புதுப் பாத்திரம் விற்பது பாதி வேலை, பழையதை எடைக்கு எடுப்பது மறுபாதி. எவர்சில்வர் வந்து வீடு வீடாகப் பித்தளையை வெளியேற்றிய காலம் அது. அண்டா, தவலை, குடம், கும்பா, போசி, செம்பு எல்லாம் கோணியில் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸிலும் சைக்கிள் கேரியரிலும் வந்து இறங்கும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், தூக்கினால் கனமில்லை. எவர்சில்வரை விரும்பிய பெண்களைக் குறை சொல்லவே முடியாது. கிணற்றிலிருந்து பித்தளைக் குடத்தில் தண்ணீர் சுமந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். கல்யாணச் செலவுக்கு, கிணறு வெட்ட, ஆஸ்பத்திரிக்கு என்று விற்றவர்களும் உண்டு.

வந்ததைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்போம். வெண்கலம் நெடுநேரம் இரையும். பித்தளையின் சத்தம் சட்டென்று அடங்கும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் உடையும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம் என்பதை வெளியில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கடைப் பையன்களின் காது தெரிந்து வைத்திருக்கும். எடை போட்டு, கழிவு போக விலை சொல்வோம். எடைக்கு வந்ததில் பெரும்பகுதி உருக்குவதற்குப் போகும். உருக்கி வார்த்தால் பழையதே புதிதாகத் திரும்பி வரும். சிலது மட்டும் யார் கண்ணிலாவது பட்டு, உருக்குலையாமல் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

என்ன பார்த்து எடுக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். புதுப் பாத்திரம் வாங்க வருபவர்கள் முதலில் பளபளப்பைப் பார்ப்பார்கள். பழசு தேடி வருபவர்களின் கை நேராக விளிம்புக்குப் போகும், பிறகு பிடிக்கு, பிறகு அடிப்பாகத்துக்கு. குடத்தின் கழுத்துக்குக் கீழே இடுப்பு பட்டுத் தேய்ந்த இடம், கரண்டி ஒரே பக்கமாகச் சுரண்டிய கும்பாவின் உட்புறம், ஒட்டுப் போட்ட அடி. தனக்கு முன்னால் யாரோ பிழைத்த பிழைப்பு அதில் பதிந்திருப்பதைக் கை கண்டுபிடிக்கிறது. விலை மலிவு என்பதற்காக வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பழைய பித்தளை இன்று மலிவாகக் கிடைப்பதில்லை.

சில பொருள்கள் பழகிய பிறகுதான் பொருளாகவே ஆகின்றன. இரும்புத் தோசைக்கல் அப்படி. புதுக்கல்லில் முதல் தோசை பிய்ந்துதான் வரும். எண்ணெய் தடவிச் சூடேற்றிச் சூடேற்றி, அந்த எண்ணெய் இரும்பின் மேல் கருப்பாக, வழவழப்பாக இறுகி ஒரு மெல்லிய படலமான பிறகுதான் கல் தோசையை விடும். பாட்டி ஊற்றிய கல் வீட்டில் இருந்தால், அதற்கு அடுப்பில் இடம் கொடுங்கள். கடையில் விற்கும் எந்தப் பூச்சும் அத்தனை நாள் தாங்காது. துருப் பிடித்துக் கிடந்தாலும் கவலையில்லை. துருவைச் சுரண்டிக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய் தடவிப் பழக்கினால் திரும்ப வரும். அம்மியும் அப்படித்தான். புதிதாகக் கொத்திய அம்மியில் அரைத்தால் முதலில் கல் மாவு கலந்து வரும். தவிடோ அரிசியோ போட்டு அரைத்து எறிந்த பிறகுதான் மிளகாய் வைக்கலாம். தேய்ந்து வழுக்கினால் மறுபடி கொத்த வேண்டும். "அம்மி கொத்தறது, உரல் கொத்தறது" என்று தெருவில் குரல் கேட்ட காலம் வரை அம்மிகள் வேலை செய்தன. குரல் நின்றதும் அம்மிகள் கொல்லைப்புறத்துக்குப் போய், துணி துவைக்கும் கல்லாயின.

ஒரு பொருள் பழசாகிச் சாவதில்லை. அதைச் செப்பனிடும் ஆள் இல்லாமல் போகும்போதுதான் சாகிறது. ஈயம் பூசுபவரின் வேலையை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பித்தளையிலோ செம்பிலோ புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், சாப்பிட்டால் குமட்டும். அதனால் உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். அவர் தெருவோரம் குழி தோண்டி, கரியைப் போட்டு, துருத்தியால் ஊதி, பாத்திரத்தைச் சுட வைப்பார். நவச்சாரத் தூளைத் தூவினால் வெள்ளைப் புகை எழும். அதுதான் உலோகத்தின் மேலிருக்கும் அழுக்கை விலக்குகிறது. ஈயக் குச்சியை உள்ளே தொட்டதும் உருகி ஓடும். 232 டிகிரி போதும் அதற்கு. பஞ்சால் ஒரு சுழற்று. கறுத்துக் கிடந்த உட்புறம் வெள்ளியாக வெளுத்து வரும்போது சுற்றி நிற்கும் பிள்ளைகள் கத்துவார்கள். இன்று தருமபுரிப் பக்கம் இந்த வேலை தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய தவலை வாங்கும் பிள்ளைகளே, தவலையோடு ஈயம் பூசுபவரின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு வருடத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அவர் தொழில் நின்றால் உங்கள் தவலையும் ஷோகேஸுக்குத்தான் போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் மேலே போக முடியாது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் விஷம். விலை குறைவு என்று அதைக் கலந்து பூசியவர்களும் உண்டு, சொம்பு வார்த்தவர்களும் உண்டு. ரசம் வைக்கப் பழைய ஈயச்சொம்பு கிடைத்தால், அதை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். காரீயம் நிறையக் கலந்திருந்தால் பென்சிலால் இழுத்ததுபோலக் கறுப்புக் கோடு விழும். கோடு விழவில்லை என்றாலும், எந்த வீட்டிலிருந்து வந்தது, எதற்குப் புழங்கியது என்று தெரியாத சொம்பில் சமைக்க வேண்டாம். தெரிந்த சொம்பானாலும் உள்ளே தண்ணீரில்லாமல் அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும்.

பழைய படியும் உழக்கும் தேடி வருபவர்கள் தனி. எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி. எங்கள் பக்கத்தில் தானியத்துக்கு வள்ளமும் புழங்கியது. 1956ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாகச் சந்தைக்குள் நுழைந்தபோது, முத்திரை குத்திய படிகள் ஒரே சட்டத்தில் வேலையிழந்தன. ஆனால் கல்யாணத்தில் நிறைபடி வைக்க லிட்டர் குவளையை யாரும் எடுப்பதில்லை; அந்த ஒரு நாளுக்காகப் படி பரணிலிருந்து இறங்கி வருகிறது. சட்டம் ஒதுக்கியதைச் சடங்கு காப்பாற்றியது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் பிடித்து இழுத்தது பாத்திரங்களில் வெட்டியிருந்த பெயர்கள். இப்போது எவர்சில்வரில் கரண்டுப் பேனாவால் ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பித்தளையில் சிறு உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தாக்குவார்கள். கொடுத்தவர் பெயர், வாங்கிக்கொண்ட பெண்ணின் பெயர், சில சமயம் ஊர், சில சமயம் தேதி. தமிழில் இருக்கும், தெலுங்கில் இருக்கும், கன்னடத்தில் இருக்கும். எங்கள் மாவட்டம் மூன்றும் புழங்கும் இடம். சீராகக் கொடுத்த அண்டா கால்நூற்றாண்டுக்குப் பிறகு எடைக்கு வரும்போது பெயர் மட்டும் தேயாமல் இருக்கும். விற்க வந்த பெண் அந்தப் பெயரின் மேல் விரலை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தராசுத் தட்டில் வைப்பாள்.

கொடுத்தவர் பெயரைப் பொருளில் எழுதும் வழக்கம் எத்தனை பழையது என்பதற்கு எங்கள் அதியமானே சாட்சி. அசோகனுடைய கல்வெட்டு தெற்கே சோழரையும் பாண்டியரையும் சேரரையும் சொல்லும்போது சதியபுத்திரர் என்று ஒரு கூட்டத்தையும் சொல்கிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1981ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில், பாறைக் குகை ஒன்றில் தமிழி எழுத்துக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இடம் என்பது அதன் பொருள். துறவிகள் தங்குவதற்கு அளித்த குகை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓர் அரசன் தான் கொடுத்ததில் பெயர் வெட்டிய முறைக்கும், ஒரு தாய்மாமன் சீர்க்குடத்தில் பெயர் வெட்டிய முறைக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இன்னொரு பெயரும் எனக்கு நெருக்கமானது. தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் சிறிய உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் கல். அதில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கடல் கடந்து போய்த் தொழில் செய்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர், பக்கத்துப் பட்டறைக்காரர் தன் கல்லை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பெயர் பொறித்திருக்கிறார். வேறெந்த நோக்கமும் இருந்திருக்காது. அரச பரம்பரைகள் பல பெயரில்லாமல் போய்விட்டன. பெரும்பதன் மட்டும் தன் தொழில் கருவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டதால் இன்றும் இருக்கிறார்.

தகடூருக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை வென்ற போரைச் சொல்லும் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. எங்கள் மண்ணின் கதை. முழு நூல் கிடைக்கவே இல்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலைக் கட்டியவர் தமக்குப் பிடித்த பாட்டுகளைப் பல நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார். அதில் தகடூர் யாத்திரைப் பாட்டுகள் நாற்பதுக்கு மேல் பிழைத்தன. எஸ். வையாபுரிப் பிள்ளை அந்தத் தொகையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய உரைகாரர்கள் மேற்கோள் காட்டியவை இன்னும் கொஞ்சம். புறத்திரட்டைத் தொகுத்தவரின் பெயர்கூடத் தெரியவில்லை. அவர் எடுத்து வைத்தது எங்கள் ஊருக்கு மிச்சமானது. எடுக்காமல் விட்டது போயிற்று. அவ்வையார் பாடிய பட்டறையே நமக்குத் தெரிந்திருக்காது, 1894ல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றுவதற்கு எந்தெந்த வீட்டுப் பரணிலோ, மடத்திலோ அந்த ஏடுகள் செல்லரிக்காமல் கிடந்திராவிட்டால்.

காகிதத்துக்கும் இதே கதைதான். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகக் கடைகளிலும் எடைக்குப் போகும் காகிதக் கட்டுகளிலும் தேடித்தேடி ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்த்தார். பெரிய இலக்கியம் மட்டும் என்றில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கழித்துக் கட்டியதையும் எடுத்து வைத்தார். அவர் 1992ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துச் செல்லாமல், சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடையில் கட்டு பிரிக்கும் நேரத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். எடைக்கு வருவதை அறிந்தவர் கண் பார்ப்பது ஒரு பெரிய காரியம்.

மறந்துபோன பொருளை மக்கள் தங்களை அறியாமலே காப்பதும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் வேடியப்பன் கோயில் இல்லாத பக்கம் குறைவு. உள்ளே போய்ப் பார்த்தால் பல இடங்களில் சாமி ஒரு நடுகல். வில்லும் வாளும் பிடித்த வீரன், மேலே எழுத்து. ஆநிரையை மீட்கச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன். பெயரும் சண்டையும் மறந்துபோயின. பொங்கலும் மாலையும் நிற்கவில்லை. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல்லில் ஒரு நாயும் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். எசமானன் விழுந்த பிறகு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாயின் பெயர். தருமபுரி அகழ்வைப்பகத்தில் எங்கள் பக்கத்து நடுகற்கள் பல இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

ஆகவே, வாங்கக் கூடாத பழசு எது என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுகல், கோயில் சிலை, மண்ணில் தோண்டிக் கிடைத்த காசு, தாழி இவற்றை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளும் கலைப்பொருள்களும், எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட சுவடிகளும் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. தண்டனைக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கும்பகோணம் பக்கம் பத்தூரில் 1976ல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது வெளிப்பட்ட நடராசர், கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போனார். வழக்கு நடந்து, அந்தக் கோயிலின் சிவலிங்கமே ஒரு தரப்பாக நின்று, 1991ல் திரும்பி வந்தார். அது பத்தூருக்கு உரியது, ஒரு ஊரே கும்பிட்டது. ஒரு வீட்டுக் குடத்தை இன்னொரு வீடு வாங்கிப் புழங்கலாம். ஊர்ப்பொருளை எந்த வீடும் வாங்க முடியாது. காசு விஷயத்திலும் அப்படித்தான்: எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் சேதி இருக்கிறது. எடுத்து விற்ற கணமே பாதிச் சேதி போய்விடுகிறது.

புழங்கும் பொருளை மட்டும் வாங்குங்கள்; வாங்கினால் புழங்குங்கள். விற்பவரிடம் மூன்று கேள்வியாவது கேளுங்கள்: எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது, எதற்கு வைத்திருந்தார்கள், ஏன் கொடுக்கிறார்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். தேவையில்லாததை வாங்கி அடுக்காதீர்கள். ஐந்து குடம் வாங்கி அலமாரியில் வைப்பவரைவிட, ஒரு குடம் வாங்கித் தண்ணீர் பிடிப்பவர் கையில் கொடுக்கத்தான் எனக்கு மனம் வரும்.

போன ஆடியில் ஒரு பெண் தருமபுரிச் சந்தையில் வாங்கிய தவலையை என் வீட்டுக்கு எடுத்து வந்தாள். கழுத்தில் தெலுங்கில் ஒரு பெண்ணின் பெயர். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். "தாத்தா, இதை அழிச்சிட்டு எம் பேரு வெட்டிக்கலாமா?" என்று கேட்டாள். பெயரை விட்டுவிடு கண்ணு, உன் பெயரை அதற்குக் கீழே வெட்டிக்கோ, இடம் இருக்கு என்றேன். நீங்களும் பழைய பாத்திரத்தைப் பாலிஷுக்குக் கொடுக்கும்போது, பெயர் இருக்கும் பக்கத்தில் சக்கரத்தை வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புள்ளி எழுத்து ஆழமில்லாதது. இரண்டு சுற்றுக்கே போய்விடும். அந்த இடத்தை மட்டும் புளியும் சாம்பலும் போட்டுக் கையால் தேயுங்கள்.